நாரியில் வைத்த கால்

தயாளினி தாயின் வயிற்றிலிருந்து கால் முன்னுக்கு வந்தவள். எல்லாப் பிள்ளைகளையும் போலத் தலை முன்னுக்கு வந்திருந்தால் அவளுக்கு இந்த வில்லங்கம் ஒன்றும் இருந்திராது.

வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில் கடலோடு ஒட்டிய அந்தக் குறிச்சியில் நாரி பிடித்தவர்கள் டொக்டரிடம் போக முதல் தயாளினி வீட்டுப் படலையைத்தான் தட்டுவார்கள். முதுகின் அடிப்பக்கத்தைத்தான் இங்கே நாரி என்பது. வலை இழுக்கிறவனுக்கும் மீன் கூடை சுமக்கிறவளுக்கும் அது பிடிக்காமல் வேறு யாருக்குப் பிடிக்கும்? கால் முன்னுக்குப் பிறந்த ஆளின் கால் பட்டால் பிடிப்பு விட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆளைப் பாயில் குப்புறக் கிடத்தி, முதலில் பிட்டத்தில் காலை வைத்து நிதானம் பார்த்து, பிறகு மெல்ல மேலேறி, நாரியில் மூன்று தரம் அமத்துவாள். காசு வாங்கமாட்டாள். ஆனால் ஆட்கள் எழும்பிப் போகும்போது சொல்லுகிற புகழை வாங்கிக்கொள்வாள். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? வேறு எதற்காக அவளை நாலு பேர் தேடி வந்தார்கள்?

அந்தக் கால் கடைசியில் அவளுடைய புருசனின் நாரிக்கே வந்து சேர்ந்தது.

பார்த்தீபன் நல்ல தொழிலாளி. அவனும் சூசைதாசனும் பங்காளிகள். ஒரு பைபர் வள்ளம், ஒரு எஞ்சின். மற்றவர்கள் இரண்டு பேராகப் பிடித்து இறக்குகிற எஞ்சினைப் பார்த்தீபன் தனியத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து கரைக்கு வருவான். இருபது வயதிலிருந்து அப்படித்தான். நாரி நோகும், எண்ணெய் போட்டு உருவிவிட்டு அடுத்த நாளும் போவான். ஆவணி மாதம் நோவு நாரியில் நிற்காமல் இடது தொடையால் இறங்கிப் பெருவிரல்வரை மின்சாரம் அடித்த மாதிரி ஓடத் தொடங்கியது. நிமிர்ந்து நின்றால் நோவு, குனிந்து இருந்தால் கொஞ்சம் சுகம். தயாளினி மிதித்தாள். இரண்டு நாள் சுகமாக இருந்தது என்றான். திரும்பவும் மிதித்தாள். இந்த முறை அவன் போட்ட குழறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அதற்குப் பிறகுதான் பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டொக்டர் ஆரபி கரவெட்டிப் பெண். வயது முப்பதைத் தாண்டியிராது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து விரலால் காட்டினாள்.

"இஞ்சை பாருங்கோ. உங்கடை நாரியிலை கடைசியா இருக்கிற எலும்பு, கீழை இருக்கிற எலும்புக்கு மேலை நேரா இருக்கேல்லை. முன்னுக்கு வழுக்கியிருக்கு."

பார்த்தீபன் பார்த்தான். அவனுக்கு அது மாரிகாலத்து வானம் மாதிரித்தான் தெரிந்தது. டொக்டர் அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் படத்தை வைத்தாள். மேசை லாச்சியைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டாள்.

"இப்ப விளங்குதோ? உள்ளுக்கு நேரா இருக்கவேண்டியது இவ்வளவு வெளியிலை வந்து நிக்குது. எலும்பு அப்பிடி வழுக்காமல் பின்பக்கத்திலை கொழுக்கி மாதிரி ஒரு துண்டு பிடிச்சு வைச்சிருக்கும். உங்களுக்கு அது வெடிச்சுப் போச்சு. இண்டைக்கு நேற்று வெடிச்சதில்லை. இளம் வயசிலை வெடிச்சிருக்கும். பாரம் தூக்கித் தூக்கி இப்ப வழுக்கிக் காலுக்குப் போற நரம்பை நெரிக்குது."

"ஒப்பரேசன் செய்யவேணுமோ?" என்று கேட்டான். குரல் போன விதத்தைப் பார்த்தால், கடலில் காற்றுக்கும் பயப்படாதவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"இப்ப தேவையில்லை. கனபேருக்கு ஒப்பரேசன் இல்லாமலே சுகம் வாறது. பாரம் தூக்கக்கூடாது. கொஞ்ச நாளைக்குப் பெல்ற் கட்டுங்கோ. நோவுக்குக் குளிசை தாறன். நோவு தணிய, வயித்துத் தசையும் நாரித் தசையும் இறுகிறதுக்குப் பயிற்சி இருக்கு, அதைச் சொல்லித் தருவினம். அந்தத் தசையள்தான் இனி உங்கடை கொழுக்கி. சிகரெட்டையும் விடுங்கோ."

பிறகு தயாளினியைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்கள் இதைக் கவனமாக் கேளுங்கோ. இருக்கிற இடம், அதுதான் சைக்கிள் சீற்றிலை படுற இடம், விறைச்சுப் போச்செண்டாலோ, சலம் கட்டி மூத்திரம் வராமல் நிண்டாலோ, பாதத்தைத் தூக்க ஏலாமல் போனாலோ, ஒரு நிமிசமும் வீட்டிலை வைச்சிருக்கப்படாது. படுத்தபடியே கொண்டு வரவேணும். நோவு குறைஞ்சிட்டுது எண்டு சந்தோசப்படுறதில்லை. விளங்குதோ?"

"ஓம் டொக்டர்." தயாளினி எழும்பவில்லை. "டொக்டர், ஒண்டு கேக்கலாமோ? மிதிக்கலாமோ?"

"எதை?"

"நாரியை. நான் கால் முன்னுக்குப் பிறந்தனான்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தாள். "ஆ, நீங்கள்தானோ அது! எங்கடை அம்மாவும் ஒருக்கா உங்களிட்டை வர வெளிக்கிட்டவ. நான்தான் மறிச்சனான்." சிரிக்கவில்லை. பாதி திறந்திருந்த லாச்சிக்குள் கையை விட்டு, உள்பக்கமிருந்து வெளியே தள்ளினாள். அது இன்னும் வெளியே வந்து, விழப்போகிற மாதிரிச் சரிந்து நின்றது. "முன்னுக்கு வழுக்கின எலும்பைப் பின்னாலை நிண்டு மிதிச்சால் இப்பிடித்தான் போகும்."

தயாளினி செருப்புக்குள்ளே கால்விரல்களை மடக்கிக்கொண்டாள். நான் இரண்டு தரம் மிதித்தேனே, இரண்டு தரம் மிதித்தேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பஸ்ஸில் வரும்போது பார்த்தீபன் சொன்னான்: "லாச்சி வெளியிலை வந்தால் உள்ளுக்குத் தள்ளலாம்தானே. நீ சரியான இடத்திலை மிதிக்கேல்லைப் போலை."

"விசர்க் கதை கதையாதேங்கோ. முன்னுக்கு வந்த லாச்சியை முன்னாலை நிண்டெல்லோ தள்ளவேணும்? உங்கடை வயித்துக்குள்ளாலையோ நான் காலை விடுறது?"

முன்சீற்றுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து தயாளினி ஒருவருக்கும் மிதிப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். வந்தவர்களைப் படலையோடு திருப்பி அனுப்பினாள். ஊர் சும்மா இருக்குமா? கால் விலை ஏறிவிட்டதாம் என்று சந்தையில் சொன்னார்கள். பார்த்தீபனின் தமக்கை பாலேஸ்வரி அதையும் தாண்டி, வீட்டுக்குள்ளே வந்து நின்றே சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் மிதிச்ச கால், கட்டினவனுக்கு மட்டும் கூசுதோ?"

"டொக்டர் வேண்டாமெண்டவ, மச்சாள்."

"டொக்டர் நேற்றுப் பிறந்த பெட்டை. உன்ரை கால் எத்தினை பேரை எழுப்பிவிட்டது? என்னை எழுப்பிவிடேல்லையோ?"

அதுவும் உண்மைதான். பாலேஸ்வரியை எழுப்பிவிட்டது. அவளுக்கு வெறும் பிடிப்பு, தானாகவே போகிறது. போகிற நேரத்தில் தயாளினியின் கால் பட்டது. இதையெல்லாம் பாலேஸ்வரிக்கு விளங்கப்படுத்த யாரால் முடியும்? தயாளினிக்கே முழுக்க விளங்கவில்லை. சில நேரம், ஒருவேளை என் காலில் ஏதோ இருக்கத்தான் செய்கிறதோ, டொக்டருக்குத்தான் தெரியவில்லையோ என்றுகூட நினைத்தாள்.

பார்த்தீபன் பெல்ற் கட்டினான், குளிசை போட்டான், சிகரெட்டை ஒளித்துப் பிடித்தான். நோவு தணிந்தது. பயிற்சிக்குப் போ என்றால், "படுத்திருந்து காலை மடக்கி நீட்டுறது ஒரு வைத்தியமோ?" என்றான். சூசைதாசன் வேறு ஒருவனைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். பார்த்தீபன் கரையில் நின்று, வள்ளம் புள்ளியாகும்வரை பார்த்துவிட்டு வருவான். வந்தால் வீட்டில் யாரோடாவது ஒரு கொழுவல்.

கார்த்திகை பிறந்து தாழமுக்கம் ஒன்று வருகிறதாக வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. அன்று காலமை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கரையில் வள்ளங்களையெல்லாம் மேலே இழுத்தார்கள். ஒழுங்கைக்குள் முதல்நாள் மழையின் வெள்ளம் முழங்காலளவு நின்றது. தயாளினி குசினியில் ஒடியல் கூழுக்குப் பயிற்றங்காயும் மரவள்ளிக்கிழங்கும் வெட்டிப் போட்டு, நண்டை உடைத்துக்கொண்டிருந்தாள். மகள் தனுஷிகா ரியூசனுக்கென்று நெல்லியடிக்குப் போனவள் மழையில் அங்கேயே நின்றுவிட்டாள். பார்த்தீபன் வாசலில் நிற்கிறான் என்றுதான் தயாளினி நினைத்தாள். வந்து பார்த்தால் செருப்பு மட்டும் கிடந்தது.

கரையில் சூசைதாசன் தனிய நின்று எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தானாம். அலை வள்ளத்தைத் தூக்கித் தூக்கி அடித்ததாம். பார்த்தீபனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? "விடண்ணை" என்று சொல்லித் தோளைக் கொடுத்திருக்கிறான். எஞ்சின் தோளுக்கு ஏறியது. மணலில் ஒரு கால் புதைந்தது. அவ்வளவுதான்.

நாலு பேர் அவனைச் சாக்கில் தூக்கிக்கொண்டு வெள்ளத்துக்குள்ளால் வந்து விறாந்தையில் குப்புறக் கிடத்தினார்கள். முகமெல்லாம் மணல். உதடு நீலம். தயாளினி அலறிக்கொண்டு வந்து தலையடியில் குந்தினாள்.

"எஞ்சினிலை நான் கையைப் போட முதலே தூக்கிப்போட்டான், தங்கச்சி," என்றான் சூசைதாசன். அந்தப் பெரிய மனிதன் பிள்ளை மாதிரி அழுதான். "மாதாவே, நான் மறிச்சிருக்கவேணும்."

பார்த்தீபனுக்கு ஈரம் துடைத்து, மாற்றுச் சாரம் போர்த்தி, குளிசையும் கொடுத்தார்கள். ஆட்கள் கூழைக் குடித்துக்கொண்டு விறாந்தையில் குந்தி இருந்தார்கள். மழை விட்டபாடில்லை. பின்னேரமாகப் பார்த்தீபன் தலையைத் திருப்பினான்.

"இப்ப பரவாயில்லை. நோவு குறைஞ்சு போச்சு."

"பாத்தியோ!" என்றாள் செய்தி கேட்டு ஓடிவந்திருந்த பாலேஸ்வரி. "பிடிப்பு இளகுது. இந்த நேரத்திலை ஒரு மிதி மிதிச்சால் எல்லாம் சரிவரும். தயா, எழும்படி."

தயாளினி எழும்பவில்லை. குறைந்தால் சந்தோசப்படாதே என்றல்லவா அந்த டொக்டர்ப் பிள்ளை சொன்னது?

"தேத்தண்ணி தரட்டோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம்."

"கூழ்?"

"ஒண்டும் வேண்டாம் எண்டெல்லோ சொல்லுறன். மிதியன் தயா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். நான் இப்பிடியே கிடந்து சாகிறதோ? இந்த மாரி முடிய நான் கடலுக்குப் போகாட்டில் எங்களை ஆர் பாக்கிறது?"

"நான் மாட்டன்."

"மாட்டியோ?" பாலேஸ்வரி இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள். "இவ்வளவு பேருக்கு முன்னாலை என்ரை தம்பி கும்பிட்டுக் கேக்கிறான். உனக்கு இரக்கமில்லையோடி? அவன் முடமாக் கிடந்தால் உனக்குச் சந்தோசமோ?"

"மச்சாள், அப்பிடிச் சொல்லாதேங்கோ!"

"அப்ப மிதி!"

நாலு பேரும் கூழ்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய காலைப் பார்த்தார்கள். சூசைதாசனும் பார்த்தான். "கொஞ்சம் மெதுவா மிதிச்சுப் பாரன், தங்கச்சி," என்றான். பாவம், அவன் வேறு என்ன சொல்லுவான்?

மாட்டேன் என்று ஒருதரம் சொல்லலாம், இரண்டுதரம் சொல்லலாம். கட்டின புருசன் நிலத்தில் முகம் புதைத்துக் கெஞ்சும்போது எத்தனைதரம் சொல்லலாம்? பாரம் கொடுக்காமல் சும்மா வைத்துவிட்டு எடுப்போம், இவர்களுடைய வாயும் அடங்கும், அவருடைய மனமும் ஆறும் என்று நினைத்துக்கொண்டு தயாளினி எழும்பினாள். காலைத் துடைத்தாள். வழக்கம்போல, நாரிக்குப் போகமுதல் கீழே, பிட்டம் பிரிகிற இடத்தில், பாதத்தை வைத்தாள். சாரல் அடித்த விறாந்தையில் நின்ற கால், ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. எந்த நாளும் அவளுடைய கால் அங்கே பட்டவுடன் பார்த்தீபன் "எணை, குளிருது" என்று துள்ளுவான்.

துள்ளவில்லை.

"என்ன நிண்டுகொண்டு நிக்கிறாய்?" என்றான் பார்த்தீபன். "காலை வையன்."

எல்லாருக்கும் தெரியத்தக்கதாக அவளுடைய கால் அவன்மேல் இருந்தது. தயாளினி மெல்ல விரல்களால் அமத்தினாள்.

"வையன் தயா. ஏன் இழுத்தடிக்கிறாய்?"

அவள் காலை எடுத்தாள். அவனுடைய தலையடியில் போய்க் குந்தி, காதுக்குள் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ. எப்ப சலம் போனியள்?"

"உதென்ன கேள்வி? ஆக்கள் இருக்கினம்."

"இருக்கட்டும். எப்ப போனியள்? சொல்லுங்கோ!"

"விடியப்புறம்." மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். "முட்டுது. வருதில்லை. அதுதான் தேத்தண்ணி வேண்டாமெண்டனான். படுத்துக் கிடக்கிறதாலை இருக்கும், பேந்து போகும்."

"பாதத்தைத் தூக்குங்கோ பாப்பம். இடக்காலை."

தூக்கினான். தூக்கினதாகத்தான் அவன் நினைத்தான். கால் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

தயாளினி எழும்பி நின்று போட்ட சத்தத்தை அந்தக் குறிச்சி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"அம்புலன்ஸுக்கு அடியுங்கோ! ஒழுங்கைக்குள்ளை வராது, றோட்டிலை நிக்கச் சொல்லுங்கோ. சூசையண்ணை, பலகை கொண்டாங்கோ, நீளப் பலகை. இருத்தக்கூடாது, மடக்கக்கூடாது, கிடக்கிறபடியே தூக்கவேணும்!"

"ஐயோ, ஒருக்கா மிதிச்சுப்போட்டு..." என்று பாலேஸ்வரி தொடங்கினாள்.

"என்ரை கால் பட்டதே அவருக்குத் தெரியேல்லை, மச்சாள்! நீங்கள் கண்ணாலை பாத்தனீங்கள்தானே! பேந்தும் மிதி மிதியெண்டு நிக்கிறியள். கோதாரி விழுந்த மிதி!"

பாலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு தூணோடு சரிந்தாள். பார்த்தீபனுக்கு அப்போதுதான் விளங்கியது. "வைச்சனியோ?" என்று கேட்டான். "தயா, வைச்சனியோ?"

அவனைக் கிடந்தபடியே பலகையில் கட்டி, நாலு பேர் தோளில் வைத்து, வெள்ளத்துக்குள்ளால் ஒரு ஆட்டம் ஆடாமல் கொண்டுபோனார்கள். வள்ளம் தூக்கிப் பழகிய தோள்கள். சூசைதாசன் முன்னால் காலால் நிலத்தைத் தடவித் தடவிக் குழி பார்த்துக்கொண்டு போனான். தயாளினி பக்கத்தில் குடை பிடித்தாள். குடை அவனுடைய தலைக்குத்தான், மற்றதெல்லாம் நனைந்தது.

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு, அன்றே ஒப்பரேசனுக்கு எடுத்தார்கள். வழுக்கின எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் இடையில் இருக்கிற மெத்தை பிதுங்கி, கீழே இறங்குகிற நரம்புக் கற்றை முழுவதையும் நெரித்துப்போட்டதாம். நெரிவை எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் ஆணி வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். வெளியே வந்த பெரிய டொக்டர் களைத்துப்போயிருந்தார்.

"நரம்புக்கு இடம் எடுத்துக் குடுத்திருக்கிறம். முழிக்கிறது அதின்ரை வேலை. கெதியாக் கொண்டு வந்தது நல்லது. ஆனால் நான் சத்தியம் பண்ணித் தரமாட்டன்."

தயாளினி சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நான் முந்தி மிதிச்சனான், டொக்டர். அதாலையோ?"

அவர் முகமூடியைக் கழற்றினார். "எலும்பு விட்டுக் கன வருசம். இண்டைக்கு எஞ்சின்தான் கடைசியா விழுத்தினது. மிதிச்சது நல்லது செய்திருக்காது. அதுக்கு மேலை எனக்குத் தெரியாது, அம்மா."

பொய் சொல்லித் தேற்றியிருக்கலாம். தேற்றாதது பிறகு யோசிக்கப் பெரிய உபகாரமாகத் தெரிந்தது. அப்போது நெஞ்சைக் கிழித்தது.

அதற்குப் பிறகு அந்த வாட்டில் எல்லாருடைய பேச்சும் ஒரே விசயத்தில்தான். காயம் ஆறியது. பெல்ற்றைக் கட்டி எழுப்பி நிறுத்தினார்கள். இடது பாதம் இழுபட்டாலும் நடந்தான். ஆனால் சலம் குழாயால்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலமை நேர்ஸ் குழாயைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "பின்னேரத்துக்குள்ளை தானாப் போகவேணும். போகாட்டில் திரும்பப் போடவேணும். பேந்து நீங்களே போட்டு எடுக்கப் பழகவேண்டி வரும்."

"எவ்வளவு நாளைக்கு?" என்று பார்த்தீபன் கேட்டான்.

நேர்ஸ் கட்டில் விரிப்பைச் சரிசெய்தாள்.

அவன் தண்ணீர் குடித்தான். சூசைதாசன் கொண்டுவந்த செவ்விளநீரைக் குடித்தான். மத்தியானம் போயிற்று. சலப் போத்தலை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போவதும், வெறும் போத்தலோடு வருவதும். பக்கத்துக் கட்டில்காரர்கள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு மரியாதை காட்டினார்கள். பின்னேரம் ஆட்கள் பார்க்கவிடுகிற நேரத்துக்குப் பாலேஸ்வரி வந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவள் தயாளினியின் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை. புட்டும் மீன் சொதியும் கட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, "நீயும் தின்" என்று மட்டும் சொல்வாள்.

பார்த்தீபன் இன்னொருதரம் எழும்பினான். தயாளினி கையைப் பிடித்துத் திரைக்குள்ளே கூட்டிப்போனாள். அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெற்றியில் வியர்வை.

"நாப்பத்திமூண்டு வயசிலை சலம் பெய்யப் பழகுறன், தயா."

"பழகுங்கோ. ஆர் இப்ப சிரிக்கினம்?"

"வராட்டில்?"

"வராட்டில் குழாயோடை இருப்பம். நான் உங்களை விட்டிட்டுப் போவனோ?" சொல்லும்போதே அவளுக்கும் பயமாக இருந்தது. அவனுக்குத் தெரியக்கூடாது என்று முகத்தைத் திருப்பினாள். "அமத்தாதேங்கோ. சும்மா நில்லுங்கோ. வேறை ஏதும் நினையுங்கோ."

நின்றார்கள். வெளியில் வண்டில் சில்லு உருண்டது. யாரோ இருமினார்கள். திரைக்கு அப்பால் பாலேஸ்வரி எந்தத் தெய்வத்தையோ முணுமுணுத்துக் கூப்பிட்டுக்கொண்டு நின்றாள்.

போத்தலின் அடியில் ஒரு சத்தம் கேட்டது. நின்றது. திரும்பவும் கேட்டது. பிறகு நிற்கவில்லை.

"தயா," என்றான் பார்த்தீபன். "கேக்குதோ?"

"கேக்குது. கதையாதேங்கோ. நிப்பாட்டாதேங்கோ."

அவன் அழுதுகொண்டே நின்றான். அவளும் அழுதாள். திரைக்கு வெளியே பாலேஸ்வரிக்குப் பொறுக்கமுடியவில்லை.

"என்னடி தயா? என்ன நடக்குது உள்ளுக்கை?"

"போகுது மச்சாள்!" என்று தயாளினி வாட் முழுக்கக் கேட்கக் கத்தினாள். "அவருக்குச் சலம் போகுது!"